ராகு காலம் பார்க்கும் கேமரா

கரண்டுக்குக் கேட்கத் தெரியும் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை நான் அறிந்த கரண்டு கேட்காமல் வரும், சொல்லாமல் போகும், தொட்டால் உதறும். செல்லூரில் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறி. கரண்டு போனால் தெரு மூச்சை நிறுத்தும். வந்தால் எல்லா வீட்டுச் சுவரும் ஒரே நேரத்தில் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தில் தூங்கி, அதிலேயே எழுந்து, ஓரிடத்தில் நிற்காத மனசோடு ஏதேதோ வேலை பார்த்து, கடைசியில் மில்லுக்கும் குடோனுக்கும் கேமரா மாட்டுகிறவன் ஆனேன். கவிதை எழுதுவேன் என்பதைத் தொழில் செய்யும் இடத்தில் சொல்வதில்லை. சொன்னால் ஏணியைப் பிடித்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். கேமராவுக்குத் தனியாகப் பிளக் கிடையாது. சுண்டுவிரலைவிட மெல்லிய நெட்வொர்க் கேபிள் ஒன்று போகும். படம் அதில்தான் வரும், கரண்டும் அதில்தான் போகும். ஆபீஸில் ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். பெயர்தான் ஸ்விட்ச், அதில் போட்டு அணைக்க ஒன்றும் இருக்காது. வரிசையாக எட்டுத் துளை, துளைக்கு ஒரு பச்சை விளக்கு. கேபிளைச் செருகியதும் அந்தப் பெட்டி கரண்டைக் கொட்டிவிடாது. முதலில் கொசுக்கடி அளவுக்கு ஒரு துளி அனுப்பிப் பார்க்கும். அந்தப் பக்கம் இருப்பது வாங்கிக்கொள்ளக்கூடிய ஆள்தானா? ஆம் என்றால், எவ்வளவு வேண்டும்? பதில் சரியாக வந்தால்தான் பரிமாறும். அந்தப் பக்கத்தில் ஈரக் கை இருந்தாலோ, ஆட்டின் வாய் இருந்தாலோ, பதில் தப்பாக வரும், பெட்டி கையை இழுத்துக்கொள்ளும். மதுரையில் இவ்வளவு மரியாதையாக யாரும் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. இங்கே போதும் என்று இலையை மறைத்துக் கை நீட்டினால் கைமேலேயே சாம்பார் விழும்.

கீழக்குயில்குடி போகிற வழியில், சமணர் மலை தெரிகிற வெட்டவெளியில், ஒரு அரிசி மில். புழுங்கல் அரிசி. முதலாளி என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். சொந்தம் ஒன்றும் இல்லை. வேலையைக் கூடுதலாக வாங்க வேண்டியவர்கள் எல்லாருமே அவருக்கு மாப்ளதான்.

"மாப்ள, பக்கத்து மில்லுல கேட்டுக்குக் கேமரா வச்சுட்டான். நமக்கும் ஒண்ணு வையி. ஆள வச்சு இன்னும் எம்புட்டு நாளைக்குக் கேட்டத் தொறந்து மூடுறது?"

அவர் இதைச் சொன்னபோது அந்த ஆள் எங்களுக்காகக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். காக்கிச் சட்டை, கீழே வேட்டி. கேட்டை ஒட்டி ஒரு அறை. அதில்தான் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த அக்காவுக்கு மில்லின் களத்தில் வேலை, அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் கிளறுவது. கேட் வேலை போனால் அறையும் போகும் என்பது மூவருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் களம். எந்நேரமும் ஈரம், எந்நேரமும் ஆவி, வெறுங்காலோடு பெண்கள். அந்த ஈரத்துக்கு மேலே பெரிய கரண்டை இழுத்துவர எந்த எலக்ட்ரீசியனும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கேட் அறைக்கு என்றைக்குமே கரண்டு கிடையாது. வாட்ச்மேன் அண்ணன் செல்போனை பாய்லர் பக்கம் கொண்டுபோய்த்தான் சார்ஜ் போடுவார். காற்றுக்குப் பனை விசிறி. என்னுடைய மெல்லிய கேபிளுக்கு அந்தப் பயம் இல்லை. அதில் ஓடுவது சின்னக் கரண்டு, அதுவும் கேட்டுவிட்டு ஓடுவது. சிம்மக்கல்லில் ஒரு சுருள் கேபிள் வாங்கி, சுற்றுச்சுவர் ஓரமாகக் குழாயில் விட்டு, கேட் வளைவு வரைக்கும் கொண்டுபோனேன். இந்தக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் நடக்காது. மில்லும் கேட்டும் நல்லவேளையாக அதற்குள் அடங்கின.

முதலாளி தன் பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கேபிள் முனையில் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"இதுல கரண்டே இல்ல மாப்ள."

"இருக்குண்ணே. இது அந்த டெஸ்டருக்குத் தெரியாத கரண்டு."

"டெஸ்டருக்கே தெரியாம ஒரு கரண்டா? யாருக்குப் பொறந்தது இது?"

கேமராவைச் செருகினேன். பெட்டி கேட்டது, கேமரா சொன்னது, பச்சை விளக்கு எரிந்தது. ஆபீஸ் திரையில் கேட், கேட்டுக்குப் பின்னால் பாதை, பாதைக்குப் பின்னால் படுத்த எருமை மாதிரி மலை, சுற்றுச்சுவரில் ஒரு மயில். மயில் கேமராவை உற்றுப் பார்த்தது. களத்திலிருந்து அக்கா காலைக்கூட நிறுத்தாமல் சொன்னார்:

"இருபது வருசமா மனுசனுக்கு வராத கரண்டு, கண்ணாடிக்கு வந்துருச்சு பாரு."

கேபிளும் கேமராவும் சேருகிற இடத்தைக் கேமராவுக்குக் கீழே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, என் கையால் மூடினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்த அத்தனை நாளும் அந்த டப்பாவை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. என் கை மூடியதாயிற்றே.

முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "ஒரு மாசம் இது நிக்காம ஓடட்டும். ஓடிருச்சுன்னா கேட்டுக்கு ஆளு வேண்டாம்." பிறகு அந்த ஆளிடமே திரும்பினார். "இந்தாய்யா, அதுவரைக்கும் இது ஒன் பொறுப்பு. குருவி கூடு கட்டாமப் பாத்துக்க. பயலுக கல்லெறியாமப் பாத்துக்க. இதுக்கு ஒண்ணு ஆச்சு, ஒன்னயத்தான் கேப்பேன்."

"சரி மொதலாளி," என்றார் அண்ணன். பொறுப்பாகத் தலையாட்டினார்.

அவர் அந்தக் கேமராவைப் பார்த்துக்கொண்ட அழகை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். எடுத்தது, கேமராவேதான். காலையில் ஏணி போட்டு ஏறித் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார். மயிலை விரட்டுவார். தவிட்டுத் தூசி பறக்கும்போது குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் இன்னொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கேட்டில் நிறுத்தி, "தம்பி, மத்தியானம் அதுக்கு நேரா மூஞ்சில வெயிலு அடிக்குது. ஒரு தகரமாச்சும் வச்சுக் குடுங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன். அவர் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. அதை அவர் கேட்கவும் இல்லை.

"அண்ணே, இது நல்லா ஓடிட்டா ஒங்க வேலை போயிருமே."

"அது வேற தம்பி. வேலை போனா போகுது. ஆனா என் டூட்டியில ஒரு பொருளு கெட்டுப்போச்சுன்னு பேரு வரக்கூடாதுல்ல."

முதல் வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மில் கூரையில் இருந்தேன்.

"மாப்ள, கண்ணு அவிஞ்சுபோச்சு."

"யாருக்குண்ணே?"

"கேமராவுக்குய்யா!"

சனிக்கிழமை மத்தியானம் போனேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மலை, பாதை, மயில், எல்லாம் பளிச்சென்று. ஓடுகிற பொருளை ரிப்பேர் பார்க்க எனக்குத் தெரியாது. திரையைத் தொட்டுக் கும்பிடாத குறையாகத் திரும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போன். எனக்கு வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒத்தக்கடை மில்லில் நிரந்தர வேலை, விட்டுவிட்டு வர முடியாது. சனிக்கிழமை போனால் மறுபடியும் நன்றாக ஓடியது. ஆபீஸ் பக்கத்து முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன். அதற்கடுத்த வாரம் ஸ்விட்ச் பெட்டியில் துளையை மாற்றினேன், பெட்டிக்குள் தவிடு ஊதி எடுத்தேன், அதை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினேன். கேமரா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆனதும் பழையபடி கண்ணை மூடியது.

முதலாளிதான் அதைக் கண்டுபிடித்தார். டைரியைப் புரட்டவில்லை, சுவர் காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, இது எத்தனை மணிக்குப் போகுது தெரியுமா? பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன?"

"என்னண்ணே?"

"ராகு காலம்யா! இது ராகு காலம் பாக்குது."

"அண்ணே, இது ஏதோ வெளிநாட்டுல செஞ்சது."

"எங்க செஞ்சா என்ன? மாட்டியிருக்கிறது எங்க? ஆனா ஒண்ணு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சுருதுல்ல, இது மறுநாத்தான் முழிக்குது. ஆரம்பிக்கத் தெரிஞ்ச சாமானுக்கு முடிக்கத் தெரியல. வெளிநாடுன்னு அதுலதான் தெரியுது."

அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு மாதிரி பக்தி இருந்தது. மில்லுக்கு வரும் தரகர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இரண்டு பேர் ஆபீஸுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே திரை இருட்டாவதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாராம்.

அங்கேயே விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, "அண்ணே, பழசு எல்லாம் பதிவாகி இருக்கும், ஓட்டிப் பாப்போம்" என்றேன். முதலாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் காலைக்குப் பின்னோக்கி ஓட்டினேன்.

பாதை. மலை. ஒரு லாரி போனது. பிறகு திரையின் கீழிருந்து ஏணியின் நுனி எழுந்தது. அதற்குப் பின்னால் வாட்ச்மேன் அண்ணனின் நெற்றி, பட்டையாக விபூதி, பிறகு மூக்கு, பிறகு திரை முழுக்க அவர் முகம். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கை ஒன்று திரையை இப்படியும் அப்படியும் கடந்தது. முகம் இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் பாதை, மலை. பிறகு கருப்பு.

அதற்கு முந்தின வாரத்துக்கு ஓட்டினேன். ஏணி, நெற்றி, மூடிய கண், அசையும் உதடு, கை, கருப்பு.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா! மந்திரம் போட்டுல்ல அணைக்கிறான்!"

"அண்ணே, மந்திரத்துக்கெல்லாம் கரண்டு..."

"டெஸ்டருக்குத் தெரியாத கரண்டுன்னு நீதானய்யா சொன்ன? மந்திரத்துக்குத் தெரியாதுன்னு சொன்னியா?"

நான் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினேன்.

"மாசக் கணக்கு முடியக்கூடாதுன்னு செய்வினை வைக்கிறான். இருபது வருசமாச் சோறு போட்ட மில்லுல! இவன வேலைய விட்டு அனுப்புறது இல்ல, ஊருக்கே சொல்லி அனுப்பணும்." கதவு வரைக்கும் போனவர், திரும்பி வந்து உட்கார்ந்தார். கோபம் முழுசாக இருந்தது. ஆனால் மந்திரம் தெரிந்தவனிடம் நேரே போய்ச் சொல்ல அவருக்கும் கொஞ்சம் யோசனை. "நீ கேட்டுட்டு வா மாப்ள."

நான் போய்க் கேட்கவில்லை. வேலை போவது ஒன்று, செய்வினைக்காரன் என்ற பேரோடு போவது வேறொன்று. அப்புறம் கீழக்குயில்குடியிலிருந்து சிம்மக்கல் வரைக்கும் எந்தக் கேட்டிலும் அந்த மனிதரை நிறுத்த மாட்டார்கள். அதை நான்தான் பின்னோக்கி ஓட்டிக் காட்டியிருக்கிறேன். "அடுத்த வெள்ளிக்கிழமை நானே வாரேன்ணே. கண்ணால பாத்துட்டுப் பேசுவோம். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். மற்ற மில்லில் காய்ச்சல் என்று சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் மாதிரி இருந்தது.

ஒளிந்து நின்று பார்க்க வேண்டும் என்று முதலாளி விரும்பினார். மூட்டை அடுக்குக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றோம். ஒளியத் தேவையே இல்லாமல் போயிற்று. அண்ணன் ஊர் பார்க்க, குளித்துத் தலை துவட்டி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அங்க என்ன மூட்டைக்குப் பின்னால நிக்கிறீக? வாங்க, ஏணியப் பிடிங்க. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீக."

நான் போய் ஏணியைப் பிடித்தேன். வேறென்ன செய்வது?

மேலே ஏறியவர் கையில் ஒரு சொம்பும் ஒரு சின்னத் துணி முடிச்சும் இருந்தன. கேமராவுக்கு முன்னால் முடிச்சை மூன்று தடவை சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இந்தத் தடவை எங்களுக்குக் குரலும் கேட்டது.

"ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, லாரிக்காரன் கண்ணு, தரகன் கண்ணு, பக்கத்து மில்லுக்காரன் கண்ணு, பக்கத்து மில்லுக்காரன் கண்ணு, அம்புட்டுக் கண்ணும் அத்துப் போகணும்."

பிறகு முடிச்சைச் சொம்பில் முக்கி எடுத்தார். மஞ்சள் தண்ணீர். நகத்தால் என் வெள்ளை டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளேயிருந்து பழைய முடிச்சை எடுத்து இடுப்பில் செருகினார். புதிய முடிச்சை, சொட்டச் சொட்ட, கேபிளும் கேமராவும் சேருகிற இடத்தின் மேலேயே பத்திரமாக வைத்து, மூடியை அழுத்தி மூடி, ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, அதுக்குள்ள என்னண்ணே?"

"கல்லுப்பு, படிகாரம், மொளகா. திருஷ்டி முடிச்சு தம்பி. வர்ற போற லாரிக்காரன் அம்புட்டுப் பேரும் அண்ணாந்து இதையேதான் பாக்குறான். இம்புட்டுப் பேரு பாத்தா கண்ணு படாதா? மொதலாளி வேற என் பொறுப்புன்னுட்டாக."

"வெளிய கட்டக் கூடாதா?"

"மொதல்ல வெளியதான் கட்டுனேன். மயிலு கொத்திருச்சு. உள்ள வைக்கத் தோதா நீங்களே ஒரு டப்பா வச்சுட்டுப் போயிருக்கீகளே."

"அதென்ன கரெக்டா பத்தேகாலுக்கு?"

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும்ல? அதுக்குள்ள முடிச்சிரணும்."

ஆபீஸிலிருந்து கணக்கர் கத்தினார். திரை இருட்டாகிவிட்டது.

அங்கேயே ஏணியடியில் நின்றபடி விளக்கினேன். உப்புத் தண்ணீர் கேபிள் முனையில் இறங்குகிறது. ஆபீஸ் பெட்டி வழக்கம் போல யாரு என்று கேட்கிறது. கேமரா பதில் சொல்லும்போது நடுவில் உப்பும் பேசுகிறது. இரண்டு குரல் கேட்டதும் பெட்டி பயந்துபோய்க் கரண்டை நிறுத்திக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் டப்பா காய்ந்ததும் மறுபடியும் கேட்கிறது, சரியான பதில் வருகிறது, பரிமாறுகிறது. அதற்குப் பிறகுதான் நான் வந்து சேருகிறேன். ராகுவும் இல்லை, மந்திரமும் இல்லை.

அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. "நானா அணைச்சேன்?" என்றார். "தம்பி, நானா?" ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செய்வினை என்று முதலாளி நினைத்தது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால்கூட இந்த அளவுக்கு உடைந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் டூட்டியில் ஒரு பொருள் கெட்டிருக்கிறது.

நான் முதலாளியைப் பார்த்தேன். ஊருக்கே சொல்லி அனுப்புவேன் என்றவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏய்யா, பக்கத்து மில்லுக்காரன் கண்ணுன்னு சொன்னியே. வாராவாரம் சொல்வியா?"

"ஆமா மொதலாளி. அதத்தான் ரெண்டு தடவ சொல்லுவேன்."

"ம்." அவர் முகம் தளர்ந்தது. "செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல. மாப்ளதான் எதையோ ஓட்டிக் காட்டி மனுசனப் பயமுறுத்திட்டான். சரி, அந்த முடிச்ச எடுத்துருவோம். மாப்ள, எடு."

நான் ஏணியில் ஏறினேன். மூடியைத் திறந்தேன். முடிச்சு மஞ்சளாக, ஈரமாக, வாழ்ந்து கெட்ட ஒரு பிராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் என் செப்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் இன்னொருவர் கட்டிய திருஷ்டி முடிச்சைத் தொட்டால் அது வாங்கி வைத்திருக்கிற அத்தனையும் தொட்டவன் தலையில் இறங்கும் என்பதை மதுரையில் பிறந்தவனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுரோட்டில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி பஸ்ஸே ஒடித்துத் திரும்புகிற ஊர் இது. என் கை மூடியோடு நின்றுவிட்டது.

"என்ன மாப்ள?"

"நீங்க எடுங்கண்ணே. மில்லு ஒங்களோடது."

"நானா? எனக்கு வாசல்ல லாரி நிக்கிது."

களத்திலிருந்து அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். "ஏன் ஒயர்க்காரரே, பெட்டி பேசுது, கம்பி கேக்குதுன்னு அம்புட்டு வெளக்கம் சொன்னீகளே. ஒரு கைப்பிடி உப்புக்கா இப்படி நடுங்குறீக? மேல நின்னா எங்க களத்துக்கு நெழலாவது விழுகும், நில்லுங்க."

கடைசியில் அண்ணன்தான் என்னை இறக்கிவிட்டு ஏறினார். கட்டிய கைக்கு ஒன்றும் செய்யாதாம். இடது கையால் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் டப்பாவைத் துடைத்து, முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு மூடினேன். ஆபீஸில் பச்சை விளக்கு எரிந்தது. திருஷ்டி இல்லாமல் கேமராவை விட யாருக்கும் மனசு வரவில்லை. எனவே கேட் வளைவில் எட்டத்தில் ஒரு ஆணி அடித்து, முடிச்சை அதில் தொங்கவிட்டு, மயிலுக்காக மேலே ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தோம். தொழிற்சாலைகளில் கேபிள் இணைப்பைப் பாதுகாக்கும் முறைகள் பற்றி எந்தக் கம்பெனியும் கொடுக்கும் புத்தகத்தில் இந்தக் கொட்டாங்குச்சி இல்லை.

அன்றிலிருந்து மாசக் கணக்கு மறுபடியும் தொடங்கியது. கேமரா இமைக்கவில்லை.

அதுதான் சங்கடம். ஓடினால் அவர்கள் போக வேண்டும். இது வரை அணைத்ததும் அவர் கைதான், இனி அணையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கைதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலாளியின் போனுக்காகக் காத்திருந்தேன். போன் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் மாட்டிய கேமரா எதுவும் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்ததில்லை. அதை மட்டும் நினைத்தேன். அது நினைப்புக்கெல்லாம் கட்டுப்படுகிற பொருள் இல்லை.

மாசம் முடிகிற அன்று முதலாளி கூப்பிட்டார். அறை வாசலில் பாத்திரங்கள் சாக்கில் கட்டியிருந்தன. அக்கா பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க ஒயர்க்காரரே. நல்லா ஓடுது ஒங்க கண்ணாடி" என்றார். அண்ணன் ஏணியைத் துடைத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார், ஒப்படைக்கிறவர் மாதிரி.

முதலாளி கேட்டுக்கு நடந்து வந்தார். பேசத் தயாராகத்தான் வந்தார், தொண்டையைக் கூடச் செருமினார். அப்போது அவர் கண் தற்செயலாக மேலே போனது. கொட்டாங்குச்சிக்கடியில் முடிச்சு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் கட்டியது.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"அடுத்த வெள்ளி வரைக்கும் மொதலாளி. அதுக்கு மேல வச்சா, அது வாங்குனது அம்புட்டும் மில்லுக்குத் திரும்பும்."

"நீ போயிட்டா யாரு அவுக்கிறது?"

அண்ணன் யோசித்தார். ஏமாற்றுகிற யோசனை அல்ல, நிஜமாகவே விடை தேடினார். "நான் வேணா வாராவாரம் பஸ் ஏறி வாரேன் மொதலாளி."

"பஸ்ஸு லேட்டாச்சுன்னா? பத்தரை தாண்டிருச்சுன்னா?"

எல்லாரும் முடிச்சைப் பார்த்தோம். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். முதலாளி கணக்கரைப் பார்த்தார். கணக்கர் ஆபீஸுக்குள் போய்விட்டார்.

"சரி," என்றார் முதலாளி. "ஆளு வேண்டாம்னு நான் சொன்னது எதுக்கு? கேட்டுக்கு. கேட்டதான் கேமரா பாத்துக்குதுல்ல? கேமராவுக்கு ஆளு வேணுமா வேணாமா? நீ இனி கேட்டு வாட்ச்மேன் இல்ல. கேமராவுக்கு வாட்ச்மேன்."

"கேட்ட யாரு மொதலாளி தொறந்து விடுறது?"

"நீதான்யா! சும்மாதான இருக்க?"

அக்கா பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அத மூட்ட கட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல."

எனக்குச் சட்டென்று ஒரு துணிச்சல். ஸ்விட்ச் பெட்டியில் துளைகள் காலியாகக் கிடந்தன. "அண்ணே, கேமராவப் பாத்துக்கிற ஆளு வேர்வையில தூங்கிறக் கூடாதுல்ல? இதே மாதிரி கேபிள் இன்னொண்ணு இழுத்து, முனையில ஒரு சின்னப் பெட்டி வச்சா ஒரு குட்டி ஃபேனும் ஒரு லைட்டும் ஓடும். ஷாக்கும் அடிக்காது." முதலாளி அண்ணனிடம் திரும்பி, "வேணுமாய்யா?" என்றார். இருபது வருசத்தில் அந்தக் கேள்வி அந்த அறை வாசலில் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிற்பாடு சொன்னார். அண்ணன், "ஃபேன் போதும் மொதலாளி" என்றார். அக்கா, "லைட்டும்" என்றார்.

இழுத்தேன். ஆறாவது துளையில் செருகினேன். பெட்டி, வழக்கம் போல, அந்தப் பக்கம் இருப்பது யாரென்று கேட்டது. பதில் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது, பெரிய காற்றில்லை, ஒரு ஆள் மூஞ்சிக்கு வரும். அந்த மில்லின் நெட்வொர்க்கில் இப்போது கேமரா, எடை மேடைத் திரை, ஆபீஸ் கம்ப்யூட்டர், கேட் அண்ணன் என்று நான்கு பேர் இருக்கிறார்கள்.

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து என் போனில் அந்த மில்லைப் பார்க்க முடியும். எதையாவது சரிபார்க்கிறேன் என்ற சாக்கில், வெள்ளிக்கிழமை காலையில் எந்த மில்லில் இருந்தாலும் பார்ப்பேன். ஸ்விட்ச் பெட்டியின் விளக்குகளும் போனில் தெரியும். பத்து மணிக்கு மேல் ஆறாவது விளக்கு அணையும். கேபிளைக் கழற்றி ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணன் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு ஏணி நுனி, விபூதி, மூக்கு, மூடிய கண்கள். சத்தம் வராது. ஆனால் உதட்டசைவு எனக்கு மனப்பாடம். ஊரு, உறவு, நாய், நரி, லாரிக்காரன், தரகன், பக்கத்து மில்லுக்காரன், மறுபடியும் பக்கத்து மில்லுக்காரன்.

இப்போது கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ரொம்ப வாரம் உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒயர்க்காரன் கண்ணு.